மகளின் பெயரில் அனுப்பிய கவிதை

சொந்த ஊருக்குப் போய் வந்ததைப் பயணம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் இம்முறை நான் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரைக்குப் போனது ஐந்து நாள் விடுமுறையில், தோளில் ஒரு பையோடு, திரும்பும் டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு. எங்கே தங்குவது என்பதற்கே முதலில் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே பயணம்தான்.

தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பனியில் பொருட்களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பதினைந்து வருடமாகிறது. போன வருடம் நோன்புக்கு முன், என் மனைவி நஸீஹா கேட்டபடி காதியார் முன்னிலையில் விவாகரத்துக்கு ஒப்பமிட்டேன். ஏன் என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், எங்கள் ஒரே மகள் ஸஹ்ரா வாட்ஸப்பில் ஒரு கவிதை அனுப்பினாள். அவளுக்குப் பதினேழு வயது. கவிதைக்குத் தலைப்பு இல்லை, பெயர் இல்லை, விளக்கமாக ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது.
வருடத்தில் ஒரு மாதம்
அதில் ஒரு சட்டை தொங்கும்.
பதினொரு மாதம்
ஆணி மட்டும் தொங்கும்.

பெயின்ட் அடிக்க வந்தவர் கேட்டார்,
பிடுங்கிவிடவா என்று.
வேண்டாம் என்றேன்.
சுவருக்கு
அது பழகிப்போயிற்று.

பகல் சாப்பாட்டு இடைவேளையில், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்று அதை வாசித்தேன். என் மகள் என்னைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். தங்குமிட அறையில் என்னோடு இருந்த ஐந்து பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்களில் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர், நாடு முழுவதற்குமான ஒரு கவிதைப் போட்டியின் அறிவித்தலைத் தன் கைபேசியில் எடுத்துக் காட்டினார். பாடசாலை மாணவர் பிரிவும் இருந்தது. அன்று பின்னேரமே ஸஹ்ராவின் பெயர், பாடசாலை, வகுப்பு எல்லாவற்றையும் நிரப்பிக் கவிதையை அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. வென்றால் சொல்வோம், தோற்றால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது என் எண்ணம்.

இறுதிச் சுற்றுக்குப் பத்துக் கவிதைகளைத் தெரிவுசெய்தார்கள். அவளுடையதும் அதில் ஒன்று. கடிதம் எனக்கு மட்டுமல்ல, பாடசாலைக்கும் போயிருந்தது. ஒரு படிவமும் கூடவே வந்தது. இது என் சொந்த ஆக்கம் என்று எழுதியவர் ஒப்பமிட வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஒப்பமிட வேண்டும். பாடசாலை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நான் தோஹாவில் இருந்தபடியே செய்திருக்கலாம். மகளைப் பார்க்க எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. தொலைபேசியில் அவள் "வாங்க வாப்பா, கதைப்பம்" என்று மட்டும் சொன்னாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடியும்போது, கொழும்பிலிருந்து நான் வந்த பஸ் அம்பாறைக்கு இப்பால் ஒரு வயல்வெளி ஓரம் நின்றுவிட்டது. பின் டயர் காற்றுப் போய்விட்டதாம். நடத்துநர் சிங்களத்தில், அரை மணித்தியாலம், தூங்குபவர்கள் தூங்கலாம் என்றார். ஓட்டுநர், நீ தூங்காமல் ஜாக்கியைத் தேடு என்றார். இறங்கி வரம்பில் நின்றேன். வெட்டு முடிந்த வயல். வைக்கோல் நனைந்து கிடந்தது. பாலைவனத்தில் இருக்கும்போது நான் நினைத்துக்கொள்வது எப்போதும் பச்சை வயலைத்தான். வெட்டிய வயலை ஒரு நாளும் நினைத்ததில்லை.

எங்களூரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அவன் பிறந்த வீடோ அவனுடைய சகோதரிக்குப் போயிருக்கும். கல்யாணம் முறிந்தால் பெண் எங்கும் போக வேண்டியதில்லை. ஆண்தான் பையைத் தூக்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்று முன்பு பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் நல்ல ஏற்பாடுதான். நாற்பத்தெட்டு வயதில் தட்டுவதற்குச் சொந்தக் கதவு இல்லை, அவ்வளவுதான்.

சாய்ந்தமருதில் ராத்தா வீட்டில் இறங்கினேன். ராத்தா என் மூத்த சகோதரி. நான் பிறந்த வீடு இப்போது அவருடையது. இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, நான் மெலிந்துவிட்டேன் என்று குறைப்பட்டார். அவர் கணவர், என் மச்சான், ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் யார் வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது என்று முப்பது வருடம் பார்த்தவர். என் தட்டைப் பார்த்து, கத்தாரில் இடியப்பத்தை எண்ணித்தான் தருவார்களா என்று கேட்டார். தோஹா மெஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒரே சொதி தண்ணீர்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம், நஸீஹாவின் வீடு இருக்கும் மருதமுனைக்குப் புறப்பட்டேன். மச்சானின் சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். முச்சக்கர வண்டியில் போய் அந்த வாசலில் இறங்கினால் நாலு வீடு பார்க்கும் என்று ராத்தாதான் யோசனை சொன்னார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தையும் திணித்தார்.

"அந்த வீட்டுக்கு இனி நீ விருந்தாளிதான். வெறுங்கையோட போகாத."

கல்முனைச் சந்தி நெரிசலைத் தாண்டி, பாண்டிருப்புக் கோயிலடியில் சைக்கிள் செயின் கழன்றது. குனிந்து மாட்டினேன். பத்தடி போனதும் மீண்டும் கழன்றது. மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிய ஒருவர் நிறுத்தினார். நான் ஒன்றும் சொல்லாமலே இறங்கி, பின் சில்லைத் தளர்த்தி இழுத்து இறுக்கினார்.

"செயினில பிழையில்ல நானா, சைக்கிளுக்கு வயசு போயிற்று" என்றார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்?" என்றார்.

இந்த ஊர்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு கீரி மீன் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மீனைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்? வேண்டாம் என்றேன்.

நஸீஹாவின் வீட்டுப் படலையில் நான் நின்றபோது என் கை இரண்டும் கிரீஸ். ஸஹ்ரா சவர்க்காரம் எடுத்து வந்தாள். முற்றத்துக் குழாயடியில் கழுவினேன். அவள் வளர்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடி போட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முன் விறாந்தையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உள் கதவில் திரை. நஸீஹா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இனி நானும் அவளும் ஒருவருக்கொருவர் அந்நியர். முகம் பார்த்துக் கதைக்கும் முறை இல்லை. திரைக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

படிவத்தை மேசையில் விரித்து, பேனையையும் பக்கத்தில் வைத்தேன். ஸஹ்ரா பேனையைத் தொடவில்லை.

"வாப்பா, அது நான் எழுதினதில்ல."

எனக்கு விளங்கவில்லை. எங்கேயாவது பார்த்து எழுதியதா என்று கேட்டேன். அவள் தலையை அசைத்தாள். திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. நஸீஹா கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. வகுப்பில் பேசுவதுபோலவே ஒவ்வொரு சொல்லாகத்தான் எப்போதும் பேசுவாள்.

"ஒங்கட வாப்பாக்கிட்டக் கேளு ஸஹ்ரா. பெயின்ட் அடிக்க வாறவன், பிடுங்கவா எண்டு வீட்டுக்காரியிட்டக் கேப்பானா, புள்ளயிட்டக் கேப்பானா?"

ஸஹ்ரா என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முற்றத்தில் யாரோ காயவைத்த நெல்லைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

உம்மாவின் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த வரிகள் இருந்தன என்று ஸஹ்ரா சொன்னாள். உம்மாவிடம் கேட்காமல் பார்த்து எழுதி எனக்கு அனுப்பினாளாம். "நீங்க வாசிக்கோணும் எண்டுதான் அனுப்பின. ஆக்களுக்குக் காட்டவா அனுப்பின?" என்றாள். தன் பெயரில் அது இறுதிச் சுற்றுக்குப் போன செய்தியை அவள் கேட்டது பாடசாலைக் காலைக்கூட்டத்தில். அதிபர் ஒலிவாங்கியில் பெயரை வாசிக்க, எல்லோரும் கை தட்ட, மேடைக்கு ஏறிப் போயிருக்கிறாள். ஏறாமல் என்ன செய்வது?

பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் நஸீஹா எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எனக்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள்.

"எத்தின தரம் வாசிச்சாராம்?"

"கனக்கத் தரம்" என்று நேரே திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"கனக்கத் தரம் வாசிச்சும் புள்ளட எண்டுதான் நெனச்சாராமா?"

 தேத்தண்ணி வந்தது. சீனி அளவு சரியாக இருந்தது. 

உங்கள் பெயருக்கே திருத்தும்படி போட்டி நடத்துபவர்களிடம் கேட்கவா என்று கடைசியில் கேட்டேன். நஸீஹாவின் பதில் உடனே வந்தது. அவளுடைய பெயர் வெளியே வரக்கூடாது. பாடசாலையில் முகம் கொடுத்து நடக்க வேண்டியவள். இதை அவள் ஊருக்காக எழுதவில்லை. மகள் ஒப்பமிடுவதானால் இடட்டும், தான் தடுக்க மாட்டாள். எழுதியது யார் என்று மட்டும் இந்த விறாந்தையைத் தாண்டிப் போகக்கூடாது. அவள் பாதங்கள் திரும்பி உள்ளே போயின. நானும் எழுந்தேன். பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் விட்டுவிட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சைக்கிளை மிதிக்காமல் பாண்டிருப்பு வரை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மகளால் ஊருக்கே பெருமை என்றார் ஒருவர். பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவர் கவிதையையும் சொல்லிக் காட்டினார். தோஹாவில் ஜும்ஆ முடிந்து நான் வெளியே வந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் தெரிந்தது.

ராத்தா நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் ஆக்கியிருந்தார். பாதிச் சாப்பாட்டில் ஸஹ்ரா சைக்கிளில் வந்து இறங்கினாள். அவ்வளவு தூரம் வெயிலில் மிதித்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. ராத்தா தயிரும் சீனியும் கொடுத்தார். அவள் இரண்டு கரண்டி தின்றுவிட்டு, என்னைத் தனியே கிணற்றடிக்கு வரச் சொன்னாள்.

"படிவத்தத் தாங்க, நான் ஒப்பம் வெக்கிறன்."

ஏன் என்றேன்.

"இல்லாட்டி ஒங்களுக்குத்தான் வெக்கம். எனக்கும் ஸ்கூலுக்குப் போக ஏலாம இரிக்கும். உம்மாவும் ஒண்டும் சொல்லமாட்டா. வெச்சா எல்லாருக்கும் லேசு."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் சட்டைப்பையில் படிவமும் இருந்தது, பேனையும் இருந்தது. நான் தயங்கினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். சில கணம் அல்ல, நன்றாகவே தயங்கினேன். பரிசளிப்பு மேடை, அவள் ஏறுவது, முன்வரிசையில் நான் என்று ஒவ்வொன்றாக மனதில் போய்க்கொண்டிருந்தன. மேடையில் கவிதையை வாசிக்கச் சொல்வார்கள். நஸீஹா எனக்கு எழுதியதை இவள் தன்னுடையது என்று சொல்லி ஊர்பேர் தெரியாதவர்களுக்கு வாசிப்பாள், நான் கீழேயிருந்து கை தட்டுவேன். அந்த இடத்தில்தான் என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை.

வேண்டாம் மகள், விலக்கிக்கொள்வோம் என்றேன். அதிபரிடம் நானே போய்ப் பிழை என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன்.

"யார் எழுதின எண்டு கேப்பாங்களே."

"சொல்லமாட்டன்."

அவள் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்தாள். அழுகிறாளா வியர்வையா என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்க முதல்லயே என்னயிட்டக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சத் தயிரை மச்சான் முடித்தார்.

சனிக்கிழமை காலை போட்டி நடத்துபவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பேசினார். கனிவாகத்தான் பேசினார். எழுதியவர் மகள் இல்லை, தெரியாமல் நான் அனுப்பிவிட்டேன் என்றதும் சற்றுத் தாமதித்து, வருத்தமாக இருக்கிறது, நடுவர்களுக்குப் பிடித்திருந்தது என்றார். இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும் என்றார். அனுப்பினேன். இத்தனை பெரிய விடயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதிபர் வீட்டில் அப்படி முடியவில்லை. அவர் என்னை நன்றாகவே உபசரித்தார். தொதலும் பிளேன்டீயும் வந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவளைக் கேட்காமல் நான் செய்தது, மேடையில் அவள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள், அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன்.

"அப்ப ஆர் எழுதின?"

"அதச் சொல்ல ஏலாது சேர்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. நானும் படித்தது அதே பாடசாலையில்தான், எனக்குச் சில வகுப்பு மேலே படித்தவர் அவர்.

"தம்பி, நீங்க படிக்கக்குள்ள ஸ்கூல் சஞ்சிகையில கவிதயெல்லாம் எழுதின ஆள்தானே?"

எழுதியிருக்கிறேன். மழையைப் பற்றி ஒன்று, தாய்மொழியைப் பற்றி ஒன்று. இரண்டும் மோசமானவை.

"தகப்பன் எழுதி மகள்ட பேருல அனுப்பிற புதினமில்ல" என்றார் அவர், கதவு பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "ஒங்கட நெலமயும் எனக்குத் தெரியும். அந்த ஆணியில தொங்கின சட்ட ஆர்ர எண்டு வாசிக்கக்குள்ளயே விளங்கினது. ஆனா புள்ளய இழுத்திரிக்கக் கூடாது. நீங்களா வந்து சொன்னதால இதோட விடுறன்."

மறுக்க வாயைத் திறந்தேன். நான் இல்லை என்றால் வேறு யார்? அந்த வீட்டில் மகள் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது ஒருவர்தான். அதிபருக்கு அதைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். வாயை மூடிக்கொண்டேன். மன்னிக்க வேண்டும் சேர் என்றேன். அவர் எழுந்து என் தோளில் தட்டினார். திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில், தகப்பனின் தவறால் கவிதை விலக்கிக்கொள்ளப்பட்டது என்று மட்டும் அறிவிப்பதாகச் சொன்னார். மகளுக்கு ஒரு குறையும் வராது என்றார்.

ஊர் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்சுக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட மச்சானிடம் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. பையை மேலே வைத்துத் தந்துவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றார்.

"நல்லாத்தான் எழுதியிரிக்காய்" என்றார். "ஆனா ஒன்னப் பத்தி நீயே இப்பிடி எழுதுவாய் எண்டு நான் நெனக்கல்ல."

 அவர் முகத்தில் கேலி இருந்தது, அதன் கீழே புதிதாக ஒரு மரியாதையும் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பஸ் காரைதீவைத் தாண்டி மேற்கே திரும்பியது. பக்கத்து ஆசனத்தில் இருந்த பெண் மடியில் இரண்டு தயிர்ச் சட்டிகளை வைத்துக்கொண்டு, கொழும்பில் இருக்கும் மகன் அங்கத்தைய தயிரைத் தயிர் என்றே சொல்வதில்லை என்று யாருக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்பாறைக்கு முன் ஸஹ்ராவிடமிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் எழுதிய முதல் செய்தி.

"நீங்கதான் எழுதின எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க. நீங்க இல்ல எண்டு சொல்லவும் இல்லயாமே. உம்மாக்கிட்டச் சொன்னன். உம்மா சிரிச்சா."

அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பலமுறை வாசித்தேன். நஸீஹாவுக்குப் பல சிரிப்புகள் உண்டு. கோபத்தில் ஒன்று, களைப்பில் ஒன்று, கல்யாணமான புதிதில் நான் கேட்ட இன்னொன்று. என்ன மாதிரிச் சிரிச்சா என்று கேட்டு எழுதினேன். ஸஹ்ரா வாசித்துவிட்டாள் என்பது தெரிந்தது. பஸ் மலை ஏறத் தொடங்கி, சிக்னல் போகும்வரை கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். பதில் வரவில்லை.